ஒரு கை குழந்தை மேல்

கைக்குழந்தைச் சாமான் விற்கும் பெரிய கடைகளில் 'சேஞ்சிங் டேபிள்' என்று ஒன்றை இப்போது பார்க்கலாம். இடுப்பு உயரம், மேலே ஒரு மெத்தை, கீழே டயப்பர் அடுக்க இரண்டு தட்டு. தொட்டிலுக்கு அடுத்து வாங்க வேண்டியது இதுதான் என்று விற்பனையாளர் சொல்வார். காசு இருந்தால் வாங்கலாம்; தப்பில்லை. ஆனால் தரையில் உட்காரும் வழக்கமே இல்லாத நாடுகளில், நின்றபடி வேலை செய்பவர்களுக்கு முதுகு வலிக்கக் கூடாது என்று உண்டான மேசை அது. நம் வீடுகளில் அதைவிடப் பத்திரமான ஒன்று முன்பே இருக்கிறது: தரை. தரையிலிருந்து எந்தக் குழந்தையும் கீழே விழுந்ததில்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ், அந்த மேசையை வாங்குகிறவர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கைகளைப் படித்தாலே விஷயம் புரிந்துவிடும். நாலு பக்கமும் குறைந்தது 2 அங்குலத் தடுப்பு வேண்டும். மெத்தை நடுவில் குழிந்திருக்க வேண்டும். பட்டை போட்டுக் கட்ட வேண்டும். கட்டிய பிறகும் குழந்தை மேலிருந்து கையை எடுக்கக் கூடாது. இத்தனை நிபந்தனைகளில் கடைசியை மட்டும் நாம் எடுத்துக்கொண்டால் போதும். ஒரு கை எப்போதும் குழந்தை மேல். மற்றக் கைக்கு எட்டும் தூரத்தில் மீதி எல்லாம். டயப்பர் மாற்றும் இடம் என்பது இவ்வளவுதான். அதை நம் வீட்டு வசதிக்கு எப்படி அமைப்பது என்பதில்தான் யோசிக்க நிறைய இருக்கிறது.

"மூணு மாசம் வரைக்கும் புரளாது, கட்டில்லயே கிடக்கட்டும்" என்று சொல்லாத வீடு இல்லை. புரளாது, சரி. ஆனால் உதைக்கும். மெத்தையில் குதிகாலை ஊன்றி எம்பி எம்பியே ஒரு மாதக் குழந்தை கட்டில் ஓரத்துக்கு வந்துவிடும். டயப்பரைக் கழற்றிய நேரத்தில்தான் குக்கர் விசில் அடிக்கும், கேஸ் சிலிண்டர்காரர் மணி அடிப்பார். அப்போது இரண்டில் ஒன்றுதான்: அழைப்பைக் காக்க வைப்பது, அல்லது குழந்தையைத் துணியோடு சுருட்டித் தூக்கிக்கொண்டே போவது.

தரைக்கு ஒரே ஒரு இடைஞ்சல் உண்டு. அது குழந்தைக்கல்ல, அம்மாவுக்கு. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். வயிற்றில் தையலோடு ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை தரையில் உட்கார்ந்து எழுந்திரு என்று யாரிடமும் சொல்ல முடியாது. மூட்டுவலிக்காரப் பாட்டிக்கும் இதே கதைதான். ஆகவே முதல் ஆறேழு வாரங்களுக்குக் கட்டில் மேல்தான் ஏற்பாடு. அம்மா கட்டிலின் மேலேயே ஏறி உட்கார்ந்து, குழந்தையைத் தன் எதிரே கட்டிலின் நடுவில் போட்டுக்கொள்ள வேண்டும். ஓரத்தில் போட்டுவிட்டுத் தான் கீழே நின்று குனிவது முதுகுக்கும் ஆகாது, குழந்தைக்கும் ஆகாது. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பத்திரம் என்று நினைப்பார்கள். ஒட்டிய கட்டில் நாளாவட்டத்தில் நகரும். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே உண்டாகும் சந்து, திறந்த ஓரத்தைவிட மோசமானது. தையல் ஆறியதும் தரைக்கு இறங்கிவிடலாம்.

இறங்கிய பிறகு எப்படி உட்காருவது என்பதை நம் பாட்டிமாரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, நீட்டிய கால்மேல் குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார்களே, அந்த உட்காரல்தான் டயப்பர் மாற்றவும் தோது. இரண்டு தொடையும் இரண்டு பக்கமும் தடுப்பாகிவிடுகின்றன. முதுகுக்குச் சுவர் இருக்கிறது. குழந்தையின் முகம் நேர் எதிரே. எந்தக் கடை மேசையிலும் இந்த வசதி இல்லை.

இடம் பார்த்தல்

குழந்தை ராத்திரி தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்காரச் சுவருள்ள ஒரு மூலையைப் பாருங்கள். பாத்ரூம் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஆனால் ஈரக்கால் படும் வாசலில் வேண்டாம். மின்விசிறிக்கு நேர் கீழேயும் ஏ.சி. காற்று முகத்தில் அடிக்கும் இடத்திலும் வேண்டாம். ஈர உடம்போடு திறந்து கிடக்கும் பச்சைக் குழந்தைக்குச் சட்டென்று குளிரும். தலைக்கு மேலே ஷெல்ஃப் இருக்கக் கூடாது. பக்கத்துச் சுவரில் பிளக் பாயின்ட் இருந்தால், தவழும் வயதுக்கு முன்பே அதற்கு மூடி போட்டுவிட வேண்டும். எல்லோரும் நடமாடும் ஹாலில் வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஒற்றைப் படுக்கையறை வீடுகளில் ஹால்தான் எல்லாமும். அங்கே டி.வி.க்கும் சோபாவுக்கும் நடுவே நடக்கும் வழியை மட்டும் விட்டுவிட்டால் போதும்.

வெளிச்சத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு டியூப் லைட்டைப் போட்டால் குழந்தை முழுசாக விழித்துக்கொள்ளும். அப்புறம் விடிய விடிய விளையாட்டுதான். ஜீரோ வாட்ஸ் பல்பில் மலத்தின் நிறம் தெரியாது, தோலின் சிவப்பும் தெரியாது. மஞ்சள் வெளிச்சம் தரும் ஒரு சின்ன மேசை விளக்கைத் தரையில் வைத்து, அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டால் இரண்டு கஷ்டமும் தீரும்.

விரிப்பு மூன்று அடுக்கு. அடியில் கோரைப்பாயோ ஜமக்காளமோ. டைல்ஸ் தரையின் குளிர் ஏறாமல் இருக்க. சீராக வந்த பத்தமடைப் பாய் பீரோ மேலேயே இருக்கட்டும், இந்த வேலைக்கு அது வேண்டாம். அதன் மேல் ரப்பர் ஷீட். அதற்கும் மேல் பருத்தித் துணி. நைந்த வேட்டியைக் கிழித்து மடித்தது உத்தமம். வெறும் ரப்பரில் குழந்தையின் முதுகு பட்டால் வியர்த்து ஒட்டும், வேர்க்குரு வரும். இப்போது வரும் 'டிரை ஷீட்' ரகங்கள் ஈரத்தை உடனே உறிஞ்சுகின்றன. சிலர் அதை மட்டும் போட்டு மாற்றுகிறார்கள். எதுவானாலும் இரண்டு வேண்டும். ஒன்று கொடியில் காய்கையில் இன்னொன்று தரையில். ஐப்பசி, கார்த்திகையில் பிறக்கும் குழந்தைக்கு மூன்று.

பழந்துணி என்றதும் ஒரு முக்கியமான சேதி. பீரோ அடியிலிருந்து எடுக்கும் பழைய வேட்டியிலும் புடவையிலும் அந்துருண்டை வாசனை அடித்தால் அதைக் குழந்தை பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். அந்துருண்டையில் உள்ள நாப்தலின், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வாசனையாக மூக்கில் ஏறுவதே போதும். பிறந்த குழந்தைக்குக் காமாலை முற்றி மூளையைப் பாதிக்கும் அளவுக்கு இது போயிருக்கிறது. நொதி குறைவு இருக்கிறதா என்று பார்த்து வைத்திருக்கும் வீடுகள் குறைவு. ஆகவே குழந்தைத் துணி வைக்கும் இடத்தில் அந்துருண்டையே வேண்டாம்.

மூலையைக் கூடையில் வைப்பது

தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு புகுந்த வீடு. இந்த வழக்கம் இன்னும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. அதாவது ஒரே குழந்தைக்கு இரண்டு வீட்டில் இரண்டு மூலை. சொந்த வீடு, வாடகை வீடு, ராத்திரிக்கு ஓர் அறை, பகலுக்கு ஓர் அறை என்றெல்லாம் சேர்த்தால் இன்னும் கூடும். இதனால்தான் நிரந்தரமாக ஒரு சாமானை நட்டுவைப்பதைவிட, பிடி வைத்த ஒரு பிளாஸ்டிக் கூடை புத்திசாலித்தனம் என்று தோன்றுகிறது. கூடை போகும் இடமெல்லாம் மூலை போகும்.

கூடைக்குள் டயப்பர் ஐந்தாறு போதும். மொத்தப் பொட்டலம் பீரோவில் இருக்கட்டும். பஞ்சு, வெந்நீருக்கு ஒரு சின்ன ஃபிளாஸ்க், ஒரு கிண்ணம், துடைக்க நாலைந்து மல் துணி, ஒரு கிரீம், மாற்று உடை ஒன்று, பழைய செய்தித்தாள் கொஞ்சம். வெட் வைப்ஸ் ஊருக்குப் போகையில் வசதி. வீட்டில் வெதுவெதுப்பான நீரும் பஞ்சும் இருக்கும்போது அதற்கு வேலை இல்லை. வாங்கினால் வாசனை சேர்க்காததாகப் பாருங்கள். கூடையை வலக்கைக்காரர் வலப்புறமும் இடக்கைக்காரர் இடப்புறமும் வைத்துக்கொள்ள வேண்டும். சொன்னால் சிரிப்பு வரும்; ராத்திரியில் குழந்தையைத் தாண்டி எட்டிக் கை நீட்டும்போது அருமை தெரியும்.

பவுடர் டப்பா கூடையில் வேண்டாம். முகம், கழுத்து, கக்கம், தொடை இடுக்கு என்று வெள்ளையடிப்பது நமக்குப் பழகிய அழகு. ஆனால் பறக்கும் தூளைக் குழந்தை மூச்சோடு இழுக்கிறது. மடிப்பில் ஈரத்தோடு சேர்ந்து அது கட்டியாகி உராய்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2024 ஜூலையில் டால்க்கை, புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் மிகுந்தவற்றின் வரிசையில் சேர்த்தது. அதற்கு முந்திய ஆண்டே ஜான்சன் அண்ட் ஜான்சன் டால்க் கலந்த குழந்தைப் பவுடரை உலகெங்கும் நிறுத்திச் சோளமாவுக்கு மாறிவிட்டது. சோளமாவானாலும் தூள் தூள்தான்.

புது டயப்பரை விரித்து வைத்த பிறகே பழையதைத் திறக்க வேண்டும். திறந்ததும் காற்று பட்டு மூச்சா வரும். ஆண் குழந்தையானால் உங்கள் முகத்துக்கே வரும். மேலே ஒரு துணியைப் போட்டு வையுங்கள். இரண்டு கணுக்காலுக்கும் நடுவே உங்கள் ஒரு விரலை விட்டுப் பிடித்தால் எலும்போடு எலும்பு உரசாது. பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும்; பின்னிருந்து முன்னே துடைத்தால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குள் ஏறும். தொப்புள்கொடி விழும்வரை டயப்பரின் முன்பக்கத்தைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிட வேண்டும். மாற்றி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்காக 2015இல் தொடங்கப்பட்ட 16 பொருள் பரிசுப் பெட்டகத்தில், துண்டு, நாப்கினோடு அம்மாவுக்குக் கை கழுவும் திரவமும் வைத்தார்கள். பட்டியல் போட்ட அதிகாரிக்கு யதார்த்தம் தெரிந்திருக்கிறது.

நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பேண்ட்ஸ் மாடல். நிற்கத் தொடங்கிய குழந்தைக்கு அது வசதி. படுத்தே கிடக்கும் சிசுவுக்கு இருபக்கமும் ஒட்டும் டேப் மாடல்தான் சுலபம். காலை மடக்கி நுழைக்கிற போராட்டம் இல்லை. பேண்ட்ஸைக் கழற்றும்போது கீழே இழுத்தால் முழங்கால் வரை பூசிக்கொள்ளும். இரண்டு பக்கத் தையலையும் கிழித்துத் திறக்க வேண்டும் என்பது பல அப்பாக்களுக்கு இரண்டாவது வாரத்தில்தான் தெரியவருகிறது.

அப்பாக்கள் என்றதால் சொல்கிறேன். "அவருக்கு இதெல்லாம் வராதும்மா" என்று மகள் அம்மாவிடம் சொல்வதை எத்தனையோ வீடுகளில் கேட்கலாம். வராமல் போவதற்குப் பாதிக் காரணம், கிரீம் எங்கே, துணி எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் அவர் கேட்க வேண்டியிருப்பது. கேட்டுக் கேட்டுச் செய்வதைவிட நானே செய்துவிடுகிறேன் என்று அம்மா எழுந்துவிடுகிறார். எல்லாம் ஒரே கூடையில் இருந்தால் சாக்குக்கு இடமில்லை. தாத்தாவும் மாற்றலாம்.

துணி சொல்லும் சேதி

இந்த மூலையின் உண்மையான மதிப்பு சுத்தத்தில் மட்டும் இல்லை. பால் போதுகிறதா, உடம்பு சரியாக இருக்கிறதா என்று பேசத் தெரியாத குழந்தை சொல்லும் இடம் இதுதான்.

முதல் ஓரிரு நாள் மலம் கறுப்பாக, தார் போல ஒட்டும். பிறகு பச்சை கலக்கும். பால் சரியாகப் போனால் நாலைந்து நாளில் மஞ்சளாகிவிடும். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது மூச்சா போக வேண்டும். இங்கேதான் டயப்பர் ஒரு கெடுதல் செய்கிறது. உள்ளே இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொருள் தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை இழுத்துக் கூழாக்கிவிடுவதால், ஈரமானது ஒரு தடவையா மூன்று தடவையா என்பது தெரியாமலே போகும். அதனால் முதல் இரண்டு வாரம் பகலிலாவது துணிதான் கட்ட வேண்டும் என்பேன். துணியை எண்ணினால் கணக்குக் கிடைக்கும். டயப்பர்தான் என்றால், நனைந்தால் நிறம் மாறும் கோடு போட்டது வாங்கலாம். கிழிந்த டயப்பரிலிருந்து ஜவ்வரிசி போல மணிகள் தோலில் ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்தக் கூழ்தான் அது, துடைத்தால் போய்விடும்.

முதல் சில நாளில் செங்கல் பொடி போன்ற கறை பட்டால் அது பெரும்பாலும் யூரிக் அமில உப்பு. ஐந்தாம் நாளுக்குப் பிறகும் நீடித்தால், பால் போதவில்லை என்று டாக்டரிடம் காட்ட வேண்டும். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் ஒரு துளி ரத்தம் படுவது உண்டு. அம்மாவின் ஹார்மோன் வடிவதால் வருவது, தானே நின்றுவிடும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஒன்றரை மாதத்துக்குப் பிறகு நாலைந்து நாள் ஆய் போகாமல் இருந்து, பிறகு இளகலாகப் போனால் அது மலச்சிக்கல் இல்லை. வெற்றிலைக் காம்பை எடுத்துக்கொண்டு வரும் உறவினரைத் தடுத்து நிறுத்துங்கள்.

ஒரு நிறத்தை மட்டும் வீட்டில் எல்லோரும் மனத்தில் இருத்த வேண்டும். மலம் வெளிறி, சுண்ணாம்பு நிறத்திலோ களிமண் நிறத்திலோ போனால் அன்றைக்கே டாக்டர். கல்லீரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாய் அடைபட்டிருக்கலாம். பித்தநாள அடைப்பு என்னும் இந்த நோய்க்கு ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் கண்ட அறுவை சிகிச்சை உண்டு. குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால் பலன் அதிகம். தள்ளிப்போகப் போகக் கல்லீரல் கெட்டுக்கொண்டே போகும். தைவானில் 2004 முதல் பிறக்கும் குழந்தை எல்லாவற்றுக்கும் மல நிற அட்டை ஒன்று தருகிறார்கள். அட்டையிலுள்ள நிறங்களோடு டயப்பரை ஒப்பிட்டு, வெளிறிய பக்கம் சேர்ந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நோயைச் சீக்கிரம் பிடித்துவிடும் நாடாகத் தைவான் பேர் வாங்கியது இந்த ஒரு அட்டையால். நம் ஊரில் குழந்தை மஞ்சளாக இருந்தால் இளவெயிலில் காட்டச் சொல்வார்கள். இரண்டு வாரம் தாண்டியும் கண்ணில் மஞ்சள் இருந்தால், மூச்சா துணியில் மஞ்சள் கறை விழுந்தால், மலமும் வெளிறினால், வெயில் போதாது. ரத்தப் பரிசோதனை வேண்டும். மேசை விளக்கைப் பற்றி மேலே அவ்வளவு சொன்னது இதற்காகவும்தான்.

சிவந்து புண்ணாவது அடுத்தது. ஈரத்தில் ஊறிய தோல், சிறுநீரால் காரத்தன்மை ஏறி, மலத்திலுள்ள நொதிகளுக்கு இரையாகிறது. உராய்வு மிச்ச வேலையைச் செய்கிறது. ஆய் போனதும் உடனே, மற்றபடி இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை மாற்றினால் பெரும்பாலும் வராது. வந்தால் துத்தநாக ஆக்ஸைடு கிரீமைத் தடிப்பாகப் பூச வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதைச் சுரண்டித் துடைத்தெடுக்க வேண்டாம். மேலே பட்ட அழுக்கு மட்டும் போனால் போதும். பகலில் அரைமணி நேரம் எதுவும் கட்டாமல் காற்றாடப் போட்டால் மருந்து பாதி மிச்சம். மூன்று நாளில் ஆறாமல், தொடை மடிப்புக்குள் நல்ல சிவப்பாகி, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. டாக்டர் எழுதித் தரும் வேறு கிரீம் வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் "ஏதாச்சும் ஆயின்மென்ட் குடுங்க" என்று கேட்டால், க்ளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்த டியூப் கைக்கு வந்துவிடும். டயப்பருக்குள் மூடிய மெல்லிய தோலில் அது பூசத் தக்கதல்ல.

மூட்டை எங்கே போகிறது

டயப்பர் என்பது பெரும்பகுதி பிளாஸ்டிக். மக்காது. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரை இறுகச் சுருட்டி ஒட்டி, செய்தித்தாளில் பொதிந்து தனியாக வைக்க வேண்டும். கழிப்பறையில் டயப்பரையே போட்டால் அது குழாய்க்குள் உப்பி அடைத்து, மாடிக்கு மாடி சண்டை வரும்.

பயன்படுத்திய டயப்பரைப் போட்டுத்தர உறையை உற்பத்தியாளர்களே தர வேண்டும் என்று 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே எழுதினார்கள். உறை வந்த பொட்டலத்தை நான் பார்த்ததில்லை. புணேயில் குப்பை பொறுக்குவோரின் கூட்டுறவான 'ஸ்வச்ச்' அமைப்பினர், பொதிந்த தாளின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துத் தாருங்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப் பழக்கினார்கள். புள்ளியைப் பார்த்தால் பிரிக்க மாட்டோம், கையில் படாது, அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. சென்னையில் ஈரக்குப்பையோடு கலந்து போட்டால், பெருங்குடிக்கோ கொடுங்கையூருக்கோ போகும் முன் யாரோ ஒரு தூய்மைப் பணியாளர் அதைக் கையால் பிரிக்க வேண்டியிருக்கும். கூடையில் ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனாவுக்கும் இடம் உண்டு.

செலவும் சேர்ந்துதான் இந்தக் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் குழந்தை நாப்கின்கள் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. இறங்கினாலும் மாதச் செலவு மாதச் செலவுதான். பகலில் துணி, ராத்திரிக்கும் ஊருக்குப் போகையிலும் டயப்பர் என்று கலந்து ஓட்டும் குடும்பங்கள்தான் நம் ஊரில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்வதாகத் தோன்றுகிறது. அப்படியானால் மூலைக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு வாளி வேண்டும். மலம் பட்ட துணியை அலசிய பிறகே அதில் போட வேண்டும். வெயிலில் உலர்த்துங்கள். வாளியில் தண்ணீரை நிரப்பி வைக்காதீர்கள். தவழும் குழந்தை தலைகுப்புற விழ அரை வாளித் தண்ணீர் போதும்.

ஏழெட்டு மாதத்தில் குழந்தை படுக்கவே மறுக்கும். திருப்பிப் போட்டால் திரும்பிக் கூடைக்குள் கைவிட்டு கிரீம் டியூபைக் கடிக்கும். அப்போது கூடை ஜன்னல் மேடைக்கு ஏறிவிட வேண்டியதுதான். கையில் ஒரு ஸ்பூனையோ டம்ளரையோ கொடுத்தால் மாற்றி முடிக்கும் நேரம் கிடைக்கும். பிடித்து நிற்கத் தொடங்கியதும் நிற்க வைத்தே பேண்ட்ஸை ஏற்றிவிடலாம். அதே சமயத்தில் பாட்டி தன் இரண்டு பாதத்துக்கு நடுவே குழந்தையை உட்கார வைத்து, "உஸ்ஸ்ஸ்" என்று பழக்கத் தொடங்கியிருப்பார். பலிக்கும் நாளில் ஒரு டயப்பர் மிச்சம்.